வீட்டுக்குள் படியும் கரி: பிறப்பிடம் காணும் முறை

(உரையின் எழுத்து வடிவம்)



தில்லி நகரில் தீபாவளிக்கு முன் வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். தை பிறப்பதற்குள் அதே சுவர்களின் மேற்பகுதியில் கருநிறக் கோடுகள் தோன்றிவிடுகின்றன. மின்விசிறியின் இறக்கை விளிம்பிலும், சன்னல் கொசுவலையிலும், திரைச்சீலையின் மடிப்பிலும், விரல் பட்டால் ஒட்டிக்கொள்ளும் கரிய பொடி படிந்திருக்கிறது. வீட்டார் அதனை அழுக்கு என்று எண்ணித் துடைக்கின்றனர். அடுத்த ஆண்டு மீண்டும் வெள்ளையடிக்கின்றனர். இக்கரி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

இக்கேள்வி வீட்டு அழகைப் பற்றியது மட்டும் அன்று. சுவரில் படிந்த கரி, சுவரை அடையும் முன் அவ்வறையின் காற்றில் மிதந்து கொண்டிருந்தது. அக்காற்றைத்தான் வீட்டில் உள்ளோர் மூச்சாக இழுத்தனர். ஆகவே சுவரின் கறை, நுரையீரலுக்குள் நிகழ்வதைப் பற்றிய ஓர் அறிவிப்பாகும். அந்த அறிவிப்பைச் சரியாகப் படிக்க வேண்டுமானால் ஓர் உண்மையை முதலில் மனத்தில் இருத்துதல் வேண்டும்: கரி படிந்த இடம் வேறு, கரி பிறந்த இடம் வேறு. வீட்டுச் சுவருக்குப் பொருந்தும் இவ்வுண்மை, மருத்துவ ஆராய்ச்சிக்கும் அரசுத் திட்டங்களுக்கும் பொருந்துவதை இவ்வுரை எடுத்துக்காட்ட முயல்கிறது.

கரி என்பது யாது?

விறகு, வறட்டி, நிலக்கரி, மண்ணெண்ணெய், எரிவாயு ஆகிய எல்லா எரிபொருள்களிலும் கார்பன் உண்டு. போதிய காற்றும் போதிய வெப்பமும் கிடைத்தால் அந்தக் கார்பன் முழுவதும் எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடும். காற்றுக் குறைந்தாலும், சுடர் இடையிலேயே குளிர்ந்தாலும், எரியாத கார்பன் நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு, ஒன்றோடொன்று சங்கிலிபோல ஒட்டிக்கொண்டு வெளியேறுகிறது. அதுவே புகைக்கரி. தனி உருண்டை ஒன்றின் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. மூக்கின் மயிரோ தொண்டையின் சளியோ அதனை முழுவதும் தடுக்க இயலாது; நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை அது செல்லக்கூடும்.

மெழுகுவத்தியின் சுடர் மஞ்சளாக ஒளிர்வதற்கும் இந்தக் கரியே காரணம். இங்கிலாந்து அறிஞர் மைக்கேல் பாரடே, 1860-61-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் இலண்டன் ராயல் நிறுவனத்தில் சிறுவர்களுக்கு ஆற்றிய மெழுகுவத்தி பற்றிய சொற்பொழிவுகளில் இதனை விளக்கினார். சுடருக்குள் இருக்கும் திடக் கரித்துகள்கள் வெப்பத்தால் ஒளிர்கின்றன. அவை சுடரின் விளிம்பில் எரிந்து தீர்ந்தால் புகை இல்லை. தீராமல் தப்பினால் புகை உண்டு.

கரியின் தீங்கு பற்றிய அறிவும் பழையதே. 1775-ஆம் ஆண்டு இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கிகளைத் துப்புரவு செய்யும் தொழிலாளரிடையே காணப்பட்ட ஒருவகைப் புற்றுநோயைப் புகைக்கரியோடு தொடர்புபடுத்தினார். தொழிலால் வரும் புற்றுநோய் ஒன்றின் காரணம் சுட்டப்பட்டது அதுவே முதன்முறை என்பர்.

கரியா, பூஞ்சையா, தூசியா?

கருநிறம் கொண்டதெல்லாம் கரி ஆகாது. ஆராய்ச்சியின் முதற்படி இந்த மூன்றையும் பிரித்தறிவதாகும்.

சாலைத் தூசி பழுப்பு அல்லது சாம்பல் நிறமுடையது. இரு விரல்களுக்கு இடையே தேய்த்தால் நறநறக்கும். கிடைமட்டமான பரப்புகளில் மிகுதியாகப் படியும். பூஞ்சை ஈரமுள்ள இடத்தை நாடும்; குழாய் கசியும் சுவரிலும் குளியலறை மூலையிலும் புள்ளிகளாகத் தோன்றி வட்டமாகப் பரவும்; முடைநாற்றம் வீசும்; சலவைத் தூள் கரைசல் பட்டால் நிறம் வெளுக்கும். புகைக்கரியோ மென்மையானது, சற்றே எண்ணெய்ப் பசையுடையது. வெள்ளைத் துணியால் தொட்டால் கருங்கீற்றாக இழுபடும். சலவைத் தூளுக்கு நிறம் மாறாது. நிலைகுத்தான சுவரிலும் கூரையின் அடிப்புறத்திலும்கூட ஒட்டிக்கொள்ளும்.

படிந்த இடமும் பிறந்த இடமும்

கரி கூரையின் அடியில் எவ்வாறு ஒட்டுகிறது? சூடான புகை மேலே எழுகிறது என்பது ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வெப்பமான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்தை நோக்கித் தள்ளப்படுகின்றன. ஆகவே அறையில் எப்பரப்பு மிகவும் குளிர்ந்திருக்கிறதோ, அப்பரப்பே கரியை மிகுதியாக ஏற்கிறது.

கண்மை தயாரிக்கும் பழைய முறை இதற்குத் தக்க சான்று. எண்ணெய் விளக்கின் சுடருக்கு மேல் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்தால், அதன் குளிர்ந்த அடிப்புறத்தில் மை திரள்கிறது. தில்லியின் குளிர்காலத்தில் வீட்டின் வெளிச்சுவரே அந்தத் தட்டாகிவிடுகிறது. உட்புறச் சுவர்கள் வெளுப்பாக இருக்க, வடக்கு நோக்கிய வெளிச்சுவரும், கூரையைத் தாங்கும் உத்தரத்தின் அடியும், சுவரில் பதித்த ஆணியின் தலையும் கறுத்துப்போவதற்கு இதுவே காரணம். அங்கே கரி மிகுதி என்பதால், அச்சுவருக்கு அருகில் புகை பிறந்தது என்று முடிவு செய்தல் தவறாகும். சமையலறையில் பிறந்த கரி, கூடத்தைக் கடந்து, படுக்கையறையின் குளிர்ந்த சுவரில் போய்த் தங்கியிருக்கலாம்.

காற்றின் ஓட்டமும் இவ்வாறே தவறான வழியைக் காட்டக்கூடும். கதவின் அடி இடுக்கு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், விசிறியின் இறக்கை ஆகிய இடங்களில் காற்று விரைந்து செல்வதால் அங்கே கரி சேர்கிறது. அவை கரியின் வழிகள், ஊற்றுகள் அல்ல.

நான்கு கேள்விகள்

அவ்வாறாயின் ஊற்றைக் காண்பது எப்படி? விலையுயர்ந்த கருவி எதுவும் இன்றி, நான்கு கேள்விகளைக் கொண்டு பெரும்பாலான வீடுகளில் விடை காண இயலும்.

முதல் கேள்வி காலத்தைப் பற்றியது. கரி ஆண்டு முழுவதும் படிகிறதா, அல்லது ஐப்பசி முதல் தை வரை மட்டும் படிகிறதா? நாள்தோறுமா, மின்வெட்டு நேர்ந்த நாள்களில் மட்டுமா? ஆண்டு முழுவதும் ஒரே அளவில் படிந்தால் ஊற்று வீட்டுக்குள் இருத்தல் கூடும். குளிர்காலத்தில் மட்டும் மிகுந்தால் கணப்புச் சட்டி, தெருவில் கொளுத்தும் தீ, நகரத்தின் மேல் தங்கும் புகைமூட்டம் ஆகியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தில்லியில் குளிர்கால இரவுகளில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று வெப்பமாகவும் இருப்பதால், புகை மேலெழ முடியாமல் மூடிய பானைக்குள் சிக்கியதுபோல் தங்கிவிடுகிறது.

இரண்டாம் கேள்வி திசையைப் பற்றியது. சாலையைப் பார்த்த சன்னலின் கொசுவலை கறுத்திருக்கிறதா, முற்றத்தைப் பார்த்ததா? வலையின் வெளிப்புறம் கறுத்திருக்கிறதா, உட்புறமா? வெளிப்புறம் கறுத்திருப்பின் கரி வெளியிலிருந்து வருகிறது. உட்புறம் கறுத்திருப்பின் அது வீட்டிலிருந்து வெளியேறுகிறது என்று கருத இடமுண்டு.

மூன்றாம் கேள்வி சுடரைப் பற்றியது. வீட்டில் எரியும் ஒவ்வொரு சுடரையும், விளக்கு முதல் அடுப்பு வரை, உற்று நோக்க வேண்டும். நீலச் சுடர் நன்கு எரிகிறது. மஞ்சள் சுடர் கரியை உண்டாக்குகிறது. நுனியில் கருநிறப் புகை நெளியும் சுடர் கரியை வெளியேற்றுகிறது.

நான்காவது, விலக்கிப் பார்த்தல். சமையலறை, கூடம், படுக்கையறை, சன்னலின் வெளித்திண்ணை ஆகிய நான்கு இடங்களில் ஒரே உயரத்தில் வெள்ளைப் பீங்கான் தட்டுகளை வைத்து, ஒரு வாரம் கழித்து, வெண்பஞ்சால் துடைத்து ஒப்பிட வேண்டும். அடுத்த வாரம் ஐயத்துக்குரிய ஒரு பொருளை மட்டும் நிறுத்திவிட்டு மீண்டும் ஒப்பிட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாறுதல்களைச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாமற் போகும். பள்ளி மாணவர் எவரும் செய்யக்கூடிய ஆய்வு இது; அறிவியல் முறையின் சாரமும் இதில் அடங்கியிருக்கிறது.

தில்லி வீட்டின் ஊற்றுகள்

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தில்லி வீடுகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது, சமையலுக்கு எரிவாயுவைப் பயன்படுத்தின. 2014-ஆம் ஆண்டில் தில்லி மண்ணெண்ணெய் இல்லாத நகரம் என அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் வீடுகளில் கரி படிகிறது என்றால், ஊற்றுகள் பலவாதல் வேண்டும்.

எரிவாயு அடுப்பிலிருந்தே தொடங்கலாம். பொங்கி வழிந்த பாலும் பருப்பு நீரும் பர்னரின் துளைகளை அடைத்துக்கொண்டால், வாயுவோடு காற்றுக் கலப்பது குறைந்து சுடர் மஞ்சளாகிறது. பாத்திரத்தின் அடி கறுப்பது இதன் தெளிவான அடையாளம். 1978-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம், எரிபொருள் சிக்கனத்தின் பொருட்டுச் சமையலறைகளுக்குச் சொல்லிவரும் அறிவுரைகளில் பர்னரைத் தூய்மையாக வைத்தல் முதன்மையானது. கறுத்த பாத்திரம் என்பது வீணான எரிபொருள். கெட்ட காற்றும் அதுவே.

வழிபாட்டு அறை அடுத்தது. திரி நீளமாக இருந்தால் எண்ணெய் மிகுதியாக ஏறிச் சுடர் புகைகிறது; திரியைக் குறைத்தால் புகையும் குறைகிறது. கற்பூரம் மிகுந்த கரியை வெளியிடுவது. ஊதுவத்தியும் கொசுவர்த்திச் சுருளும் சுடரின்றிக் கனன்று எரிவதால் அவற்றின் புகை வெண்மையாகத் தோன்றும். எனினும் நுண்துகள்கள் அதில் ஏராளம். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்கு ஈடாகலாம் என 2003-இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு இரவு முழுவதும் சுருளை எரியவிடும் வீட்டார் இதனைக் கருத்திற் கொள்ளல் நலம்.

கண்ணாடிக் கூடு இல்லாத மண்ணெண்ணெய் விளக்கு, இவை எல்லாவற்றினும் கொடியது. எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 விழுக்காடு வரை கருங்கரியாக மாறுவதாக 2012-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கண்டது. விளக்கின் ஒளி சிறிது, கரி பெரிது. மின்விளக்கு வந்த வீட்டில் இவ்வூற்று தானே அடைபட்டுவிடுகிறது.

வெளி ஊற்றுகளும் பல. பெருஞ்சாலையின் டீசல் வாகனங்கள், சந்தைக் கடைகளின் மின்னாக்கி எந்திரங்கள், உணவு விடுதியின் தந்தூர் அடுப்பு, பூங்காவில் கொளுத்தப்படும் சருகு, குப்பை மேட்டின் தீ ஆகியன எளிதில் வீட்டுக்குள் கரியை அனுப்புகின்றன. 1998-ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின் விளைவாகத் தில்லியின் பேருந்துகள் டீசலை விட்டு அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறின. 2002-ஆம் ஆண்டு இறுதியில் அம்மாற்றம் நிறைவெய்தியது. ஊற்று ஒன்றைக் கண்டு அங்கேயே அடைத்ததற்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

குளிர் இரவுகளில் குடியிருப்பின் வாயிலில் காவலாளிகள் மரத்துண்டுகளையும் சில வேளைகளில் பிளாஸ்டிக்கையும் கொளுத்திக் குளிர் காய்கின்றனர். அப்புகை முதல் மாடி வீட்டின் சன்னலுக்குள் நுழைகிறது. தீயை அணைக்கச் சொல்வது எளிது. ஆயின் காவலாளியின் குளிர் அதனால் தீராது. தில்லியின் காற்று மாசுக்கான படிநிலை நடவடிக்கைத் திட்டம், குடியிருப்போர் சங்கங்கள் காவலாளிகளுக்கு மின்சாரக் கணப்புகளை அளிக்க வேண்டும் எனக் கூறுவது இதனால்தான். ஊற்றைக் கண்டபின், அங்கே ஒரு மனிதரின் தேவை இருப்பதையும் காண வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத துணைவன்

கரி பிறக்கும் இடத்தில் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு வாயுவும் பிறக்கிறது. இரண்டும் அரைகுறை எரிப்பின் பிள்ளைகள். இவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியில் உயிர்வளியை ஏந்திச் செல்லும் செந்நிறப் பொருளோடு, உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வன்மையாக இது பிணைந்துகொள்கிறது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கி, உறக்கத்திலேயே உயிர் பிரியும் நிலை வரை கொண்டுசெல்ல வல்லது.

ஆகவே எரிவாயுவால் இயங்கும் குளியல் வெந்நீர்க் கலத்தின் மேல் கரிக்கோடு தென்பட்டால் அதனை அழகுக் குறையாகக் கருதலாகாது. உடனே நிறுத்திப் பழுது பார்க்க வேண்டிய அபாய அறிவிப்பாகக் கொள்ள வேண்டும். காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் அக்கலத்தை வைப்பதே தவறு.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. கரி இருந்தால் ஆபத்து என்பது உண்மை. கரி இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்பது உண்மை அன்று. கணப்புச் சட்டியில், வட இந்தியர் அங்கீட்டி என்று கூறுவதில், கரித்துண்டுகள் புகை அடங்கிச் செந்தணலாகக் கனலும் நிலையிலும் கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வெளிவருகிறது. புகை நின்றுவிட்டது, இனி அறைக்குள் கொண்டு செல்லலாம் என்று எண்ணிக் கதவை அடைத்துக்கொண்டு உறங்கிய குடும்பங்கள் விடியலில் பிணமாகக் கிடந்த செய்திகள் தில்லியின் குளிர்காலந்தோறும் வருகின்றன. மூடிய அறையில் தணல் கூடாது என்ற ஒரே விதி இவ்வுயிர்களைக் காக்கும்.

இதயத்திலிருந்து அடுப்புக்கு

படிந்த இடத்திலிருந்து பிறந்த இடத்துக்குச் செல்லும் இவ்வாராய்ச்சி முறையைத் தில்லியின் மருத்துவ வரலாற்றில் மேற்கொண்டவர் டாக்டர் எஸ். பத்மாவதி. 1917-இல் பர்மாவில் பிறந்து, இரங்கூனில் மருத்துவம் பயின்று, போரின்போது குடும்பத்துடன் கோயம்புத்தூருக்குப் புலம்பெயர்ந்தவர் அவர். மேல்நாடுகளில் இதய மருத்துவம் கற்றுத் திரும்பி, 1953-இல் தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் என்று போற்றப்பட்ட அவர் 2020-ஆம் ஆண்டு தமது 103-ஆம் வயதில் மறைந்தார்.

அந்நாளில் மருத்துவமனைக்கு வந்த பெண்கள் பலரிடம் ஒருவகை இதய நோய் காணப்பட்டது. நுரையீரல் நெடுங்காலமாகக் கெட்டுப்போனதால், அதற்குள் குருதியைச் செலுத்த இயலாமல் இதயத்தின் வலப்பகுதி வீங்கித் தளரும் நோய் அது. 1959-ஆம் ஆண்டு பத்மாவதியும் பாதக்கும் தில்லியில் கண்ட 127 நோயாளிகளைப் பற்றிய ஆய்வினை அமெரிக்க இதய மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டனர். பிற நாடுகளில் இந்நோய் பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆண்களைப் பற்றியதாகக் கருதப்பட்டது. இந்திய ஆய்வுகளிலோ ஆண்களும் பெண்களும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கப்பட்டிருந்தனர். ஆண்களில் 75 விழுக்காட்டினர் புகைபிடிப்பவர். பெண்களில் 10 விழுக்காட்டினரே அவ்வாறு. அன்றியும் பெண்களுக்கு இந்நோய் ஆண்களைக் காட்டிலும் இளைய வயதிலேயே வந்தது.

புகைபிடிக்காத பெண்ணுக்குப் புகையின் நோய் எங்கிருந்து வந்தது? நோய் வெளிப்பட்ட இடம் இதயம். கெட்ட இடம் நுரையீரல். பிறந்த இடமோ சமையலறை. இளம்பருவம் முதல் விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன் அமர்ந்து இழுத்த மூச்சே காரணமாகலாம் என்ற கருத்து இவ்வாறு உருப்பெற்றது. இதயத்தை மட்டும் பார்த்து மருந்து எழுதியிருந்தால், இந்த உண்மை வெளிப்பட்டிராது.

அளவுகோலை எங்கே வைப்பது?

அடுப்புப் புகையை அளக்கும் முயற்சி பின்னர் தொடர்ந்தது. காற்றின் தரத்தை அளக்கும் கருவிகள் அக்காலத்தில் நகரத்தின் கட்டிடங்கள் மீதும் தொழிற்சாலைகளின் அருகிலும் வைக்கப்பட்டன. சமைப்பவரின் மூச்சு அங்கே இல்லை. 1980-களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித், அகர்வால், தவே ஆகிய ஆய்வாளர்கள் குசராத்தின் சிற்றூர்களில் சிறு கருவியைச் சமைக்கும் பெண்களின் உடலிலேயே பொருத்தி அளந்தனர். 1983-இல் வெளியான அவ்வாய்வின்படி சமையல் நேரத்தில் அப்பெண்கள் இழுத்த காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் துகள்கள் இருந்தன. குடியிருப்புப் பகுதிகளுக்கு இந்தியா 1994-இல் வகுத்த 24 மணி நேர வரம்பு 0.2 மில்லிகிராம். ஒன்று சமையல் நேர அளவு, மற்றொன்று ஒரு நாளின் சராசரி என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுதல் முறையன்று. ஆயினும் வேறுபாட்டின் பரிமாணம் இதனால் விளங்கும்.

2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 இலட்சம் பேர் வீட்டுக்குள் எழும் புகையின் காரணமாக இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் சிறு குழந்தைகளும் அடங்குவர்; தாயின் மடியிலும் அடுப்பின் அருகிலும் இருந்ததே அவர்கள் செய்த குற்றம்.

புகைபோக்கியின் பாடம்

காரணம் தெரிந்த பின் அரசு வாளாவிருக்கவில்லை. புகையில்லா அடுப்பு முயற்சி இந்நாட்டில் நெடுநாளையது. 1950-களில் ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு உருவாக்கிய அடுப்பு பலராலும் அறியப்பட்டது. 1980-களில் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-இல் அது முடிவுற்றபோது ஏறத்தாழ மூன்றரைக் கோடி அடுப்புகள் வழங்கப்பட்டிருந்தன.

எண்ணிக்கை பெரிது; பயன் அந்த அளவுக்குப் பெரிதாகவில்லை. பல அடுப்புகள் விரைவில் பழுதுற்றன. புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டது. துடைப்பதற்கு யாரும் வரவில்லை. பின்னர் ஒடிசாவின் சிற்றூர்களில் புகைபோக்கி அடுப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ஹான்னா, டப்லோ, கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளியலறிஞர்கள், முதல் ஆண்டில் புகை குறைந்ததையும், பிறகு பேணுதல் இன்மையால் அப்பயன் மறைந்ததையும் கண்டனர். புகைபோக்கி கரியைப் பிறவாமல் செய்வதில்லை. அதனை வேறிடத்துக்கு அனுப்புகிறது. அனுப்பும் வழி அடைபட்டால் கரி மீண்டும் அறைக்கே திரும்புகிறது.

ஊற்றையே மாற்றும் முயற்சியாக 2016-ஆம் ஆண்டு மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் பலியா நகரில் பிரதம மந்திரி உஜ்வலா திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. வறிய குடும்பத்துப் பெண்களின் பெயரில் எரிவாயு இணைப்பு வழங்கும் இத்திட்டம் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களை எட்டியுள்ளது. எனினும் இணைப்பு வேறு, பயன்பாடு வேறு. அடுத்த உருளையை வாங்கப் பணம் இல்லாத மாதத்தில் விறகடுப்பு மீண்டும் மூட்டப்படுகிறது. காலையில் எரிவாயு, மாலையில் சுள்ளி என்ற இரட்டை நிலை பல வீடுகளில் நிலவுகிறது. கணக்கேட்டில் அவ்வீடு புகையில்லா வீடு. அதன் சுவரைத் தொட்டுப் பார்த்தால் விரல் கறுக்கும்.

வீட்டுப் புகை வீட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. தில்லிக்காகக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2016-இல் அளித்த அறிக்கையின் கணக்குப்படி, நகரம் வெளியிடும் 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள்களில் 12 விழுக்காடு வீட்டு எரிபொருள்களிலிருந்து வந்தது. சாலைத் தூசியின் பங்கு 38 விழுக்காடு, வாகனங்களின் பங்கு 20 விழுக்காடு. எரிவாயு பெருமளவு பரவிய நகரத்திலும் எஞ்சிய அடுப்புகளின் பங்கு இத்துணை என்பது சிந்தனைக்குரியது. சன்னலை மூடிக்கொண்டு வெளிப்புகைக்கு அஞ்சும் மாடி வீடும், அதன் பின்புறக் குடிசையில் எரியும் விறகடுப்பும் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்கின்றன.

செய்ய வேண்டுவன

மாணவர்கள் தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். நான்கு தட்டுகள், சிறிது வெண்பஞ்சு, ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். கண்டறிந்ததை நாளும் இடமும் குறித்து எழுதினால், ஒரு வகுப்பு மாணவரின் குறிப்புகள் சேர்ந்து ஒரு பகுதியின் புகை வரைபடமாகிவிடும்.

அலுவலர்கள் ஆய்வுக்குச் செல்லும்போது இணைப்புகளின் எண்ணிக்கையோடு வேறு சிலவற்றையும் கேட்டல் வேண்டும். கடந்த ஆண்டில் எத்தனை உருளைகள் வாங்கப்பட்டன? சுடர் என்ன நிறத்தில் எரிகிறது? குளிர்காலத்தில் அறை எவ்வாறு சூடாக்கப்படுகிறது? சமைப்பவருக்கு இருமல் உண்டா? இவற்றுக்கான விடைகளே திட்டம் வீட்டுக்குள் நுழைந்ததா, வாயிலோடு நின்றதா என்பதைக் காட்டும். கரி படிந்த வீட்டைக் கண்டு, வீட்டுப் பெண் தூய்மை பேணவில்லை என்று எழுதிவிடுதல் மிகப் பெரிய பிழை. அக்கரியை அவள் விரும்பி உண்டாக்கவில்லை. அதன் பெரும்பங்கைத் தன் மூச்சில் ஏற்றவள் அவளே.

சுவரை மீண்டும் வெள்ளையடிக்கலாம். நுரையீரலுக்கு அவ்வாறு செய்ய வழியில்லை. ஆகவே கரியைத் துடைக்கும் முன் அது பிறந்த இடத்தைக் காண்பதும், கண்ட இடத்திலேயே அதனை நிறுத்துவதும் கடமையாகின்றன. வீட்டுக்கும் இதுவே முறை. நாட்டுக்கும் இதுவே முறை.